மூன்றாம் வரிசை அக்கா

மூன்றாவது வரிசையின் வலது ஓர நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்கா முதலில் பார்ப்பது, எதிரே நிற்கிற பிள்ளையின் சட்டைக் காலரைத்தான். காலர் விறைப்பாக இருந்தால் ஒரு தலையசைப்பு. துவண்டு கிடந்தால் 'ச்சு' என்று ஒரு சத்தம். அது தம் சலவைக் கடையில் இஸ்திரி போட்ட காலராக இருந்துவிட்டால் அக்காவின் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். பிறகு கைப்பையைத் திறந்து புதினா மிட்டாய் ஒன்றைத் தேடி எடுத்து, காகிதம் சரசரவென்று சத்தம் போட, நிதானமாகப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வார். துறைத்தலைவர் திரும்பி முறைப்பார். அக்கா அசர மாட்டார். "பேசறது என்னமோ அந்தப் புள்ளைதான். தொண்டை வறள்றது எனக்கில்ல?" என்பது அவர் கட்சி.

டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள், எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஒருநாள் நாலு பேர் முன்னால் நின்று தாங்கள் கண்டதைச் சொல்லி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித் தேற வேண்டும். வைவா என்பார்கள். அதற்கான அறிவிப்பைப் பல்கலைக்கழகத்தின் பின்வாசல் பலகையில் ஒட்டுவார்கள். பிள்ளையின் பெயர், வாய்க்குள் நுழையாத தலைப்பு, இடம், நேரம், கடைசியில் 'அனைவரும் வருக' என்று ஒரு வரி. அச்சடிக்கிறவரும் அந்த வரியைக் கண்டுகொள்வதில்லை, ஒட்டுகிறவரும் கண்டுகொள்வதில்லை. அதை நம்பிக் கிளம்பிப் போகிற ஒரே ஜீவன், வாசலுக்கு எதிரே சலவைக் கடை வைத்திருக்கிற அக்காதான்.

அக்காவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். குள்ளம். நடையில் எப்போதும் ஒரு அவசரம். விரல் நுனிகள் சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்திருக்கும். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி வைத்த முத்திரை ஒன்று உண்டு. கேட்டால், "அது இருந்தாத்தான் இந்தத் தொழில்ல ஆள்னு ஒத்துப்பாங்க" என்பார். பல்கலைக்கழகத்தின் அழுக்கு முழுக்க அவருக்கு அத்துப்படி. ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டுகள், விடுதித் திரைச்சீலைகள், நாடகக் குழுவின் ராஜா உடைகள், விளையாட்டு வீரர்களின் சொல்லக் கூடாத சாக்ஸுகள் எல்லாம் சாலையைத் தாண்டி இவர் கடைக்கு வந்துதான் வெளுத்துத் திரும்பும்.

திரைச்சீலைதான் இந்தப் பழக்கத்துக்கும் காரணம். வெளுத்த திரைகளை ஒருமுறை அரங்கில் மாட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று பேராசிரியர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஏணியிலிருந்து இறங்கி ஓடிப்போக வழியில்லாமல் அக்கா அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முன்னால் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். வியர்த்துக் கொட்டுகிறது. அவன் வீட்டு மனுஷர் என்று ஒருவர்கூட அங்கே இல்லை. கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். எதுவும் அக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் அவன் எச்சில் விழுங்குவது தெரிந்தது. கடைசியில் 'தேர்ச்சி' என்று சொன்னதும் அக்கா தன்னை மறந்து படபடவென்று கைதட்டிவிட்டார். பையன் ஓடி வந்து, "நீங்க யாருங்க?" என்றான். "எதிர்க்கடை" என்றார் அக்கா. அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இன்றும் அதைச் சொல்லும்போது அக்காவுக்குக் குரல் இளகும்.

அதிலிருந்து ஒன்று விடுவதில்லை. பூச்சியோ, பூகம்பமோ, பழைய கல்வெட்டோ, எந்தத் துறையானாலும் சரி. வாசல் காவலாளி இவரைக் கண்டால் அடையாள அட்டை கேட்பதில்லை, "இன்னிக்கு யாருக்குக்கா?" என்று மட்டும் கேட்பார். கைப்பைக்குள் ஊக்கு, ஊசி நூல், உதிரிப் பொத்தான், கறை எடுக்கிற கட்டி எல்லாம் இருக்கும். தேர்வு தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ஒரு பெண்ணின் சட்டையில் காபி கொட்டி, அவள் அழுவதற்குள் அக்கா அதைக் காணாமல் அடித்த கதை விடுதியில் பிரசித்தம்.

புரிகிறது என்று அக்கா ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் கேள்வி கேட்பார். தேர்வாளர்கள் கேட்டு ஓய்ந்த பிறகு தலைவர் சம்பிரதாயமாக, "பார்வையாளர்களும் கேட்கலாம்" என்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயரும். கேள்வி எப்போதும் ஒன்றேதான். "இத்தனை வருஷம் இதையே பண்ணிட்டிருந்தீங்களே, அலுக்கலையா?"

முதலில் தேர்வாளர்கள் நெளிந்தார்கள். போகப்போக, எந்தக் கேள்விக்கும் அயராத பிள்ளைகள் இந்தக் கேள்விக்குத்தான் தடுமாறுகிறார்கள் என்று கண்டு ரசிக்கத் தொடங்கினார்கள். ஒரு பையன் பட்டென்று, "தெனமும் அலுக்கும்க்கா. காலைல எழுந்தா மறந்துடும்" என்றான். இன்னொருத்தி பாவம், பதில் சொல்லாமல் அழுதுவிட்டாள். பாசியைப் பற்றி ஆராய்ந்த ஒருவர், "நீங்க தெனமும் துவைக்கிறீங்களே, உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். "எனக்கா? துணி மாறுதே சார்" என்றார் அக்கா. அரங்கம் சிரித்தது. பாசிக்காரரும் பாஸாகிவிட்டார்.

கடைக்குத் திரும்பியதும் இரண்டாம் காட்சி ஆரம்பம். கணவர் ஈரத் துணியை மெஷினிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டே, "என்ன, டாக்டர் ஆயாச்சா?" என்பார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் அதில் ஒரு குத்து இருக்கும். பக்கத்துக் கடை அக்காவின் நாத்தனாருடைய அழகு நிலையம். நடுவே இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. கதை தொடங்கியதும் தடுப்புக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிடும். அக்கா பையன் மாதிரி நிற்பார், தேர்வாளர் மாதிரி கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார், எச்சில் விழுங்கிக் காட்டுவார்.

"அந்தப் பாசியில அப்படி என்ன இருக்காம் அண்ணி?" என்று தடுப்பு கேட்கும்.

"அதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாதும்மா" என்பார் அக்கா. இத்தனைக்கும் அவருக்கும் புரிந்திருக்காது.

கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. அதில் குடியிருந்தது ஒரு ஆராய்ச்சி மாணவி. தெருவே அவளை மாடிப் பொண்ணு என்றுதான் கூப்பிடும். அவள் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் விசேஷமானது. ஒரு பல்கலைக்கழகமும் அதைச் சுற்றியிருக்கிற தெருக்களும் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன, யார் யார் உள்ளே போகிறார்கள், போகாதவர்கள் ஏன் போவதில்லை என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக இந்தத் தெருவில் ஒருவரை விடாமல் கேள்வி கேட்டாள். தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. குரலை மட்டும் பதிவு செய்ய வந்தவளுக்காக மூலைக்கடைச் சாவிக்காரர் முகச்சவரம் செய்து, பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் தன் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு மதியம் முழுக்கப் பேசினாள். அக்காவின் கணவர் மட்டும், "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு அந்தப் பெண் என்றால் உயிர். வாடகைக்கு வந்தவள் என்பதே மறந்துபோயிருந்தது. மழையில் நனைந்து வந்தால் அதட்டித் தலை துவட்டிவிடுவார். எழுத்து ஓடாமல் மாடிப்படியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மடிப்பதற்கு ஒரு கூடைத் துணியைக் கொண்டுபோய் அவள் மடியில் கொட்டுவார். "கை ஓடினா மூளையும் ஓடும், மடி" என்பார். அவளுடைய வைவாவுக்கு நாள் குறித்ததும் அக்காவின் கால் தரையில் பாவவில்லை. இத்தனை பிள்ளைகளுக்கு ஊரார் மாதிரிப் போய் உட்கார்ந்தாயிற்று. இது தம் வீட்டுப் பிள்ளை. அன்றைக்குப் போட்டுக்கொள்ள அவள் வெளுக்கக் கொடுத்த கோட்டு ஒன்றை அக்கா மெஷினில் போடவில்லை, கையாலேயே அலசினார்.

கோட்டை வாங்க வந்த அன்றைக்கு அவள் கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு கண்ணு."

"என் வைவாவுக்கு நீங்க வர வேணாமே."

அக்கா சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். "ஏன், ரூம் மாத்திட்டாங்களா?"

"இல்லக்கா. இந்த ஒரு தடவை மட்டும். ஏன்னு இப்பக் கேக்காதீங்க, பிளீஸ்."

"சரி, விடு. எனக்கும் அன்னிக்கு வேலை தலைக்கு மேல கெடக்கு" என்றார் அக்கா. கோட்டை மடித்துக் கொடுத்தார். சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது. அவள் படியேறிப் போன பிறகுதான் அது மாறியது.

வலித்தது. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை, நன்றாகவே வலித்தது. காரணத்தை அவள் சொல்லாததால் அக்காவே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார். வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் ஒரு சலவைக்காரி உட்கார்ந்து மிட்டாய்க் காகிதத்தைச் சரசரத்து, அலுக்கலையா என்று அசட்டுக் கேள்வி கேட்டால் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும்தானே? இதுவரை நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் இருந்திருக்குமோ? வாய்விட்டுச் சொல்ல இவள் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்ததோ? அன்று மாலை அக்கா தம் வெளுத்த விரல்களை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைவா நாளன்று காலையில் அவள் இறங்கி வந்தபோது அக்கா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. காலரைச் சரிசெய்தார். கோட்டின் தோளில் இல்லாத தூசியைத் தட்டினார். ஒரு புதினா மிட்டாயை அவள் கையில் திணித்து, "தண்ணியக் குடிச்சுக்கிட்டு நிதானமாப் பேசு" என்று அனுப்பிவைத்தார். அவள் சாலையைக் கடந்து, பின்வாசலுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒரு தலையணை உறையை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினார்.

கணவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அது தலையணை உறை" என்றார்.

"தெரியும்."

"கால்சட்டை மாதிரி நடுவுல மடிப்பு எடுத்து வெச்சிருக்கியே, அதான் சொன்னேன்."

அக்கா உறையை உதறிப்போட்டார். "என்னை வர வேணாம்னுட்டா" என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

கணவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "நோட்டீஸ்ல அனைவரும்னுதானே போட்டிருக்கு? அவ என்ன சொல்றது, நீ போ."

"நோட்டீஸ் கூப்பிடுது. அவ வாய் வேணாங்குதே."

கணவர் தலையணை உறைகள் மொத்தத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அங்கே அரங்கில் நடந்ததை அக்கா பிற்பாடு பலர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டார். மாடிப் பொண்ணு நன்றாகவே பேசினாளாம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தலை நரைத்த மனிதர், கேள்விகளைச் சிரித்துக்கொண்டே கேட்டாலும் விடாக்கண்டர். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம். கடைசியில் துறைத்தலைவர் வழக்கம்போல், "பார்வையாளர்களும் கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தார். ஓர நாற்காலி காலி. கையைத் தூக்க ஆளில்லாமல் அவருக்கு நிகழ்ச்சியை எப்படி முடிப்பது என்றே தெரியவில்லை.

"அக்கா எங்கே? வரலையா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எந்த அக்கா?" என்றார் வெளியூர்க்காரர். சொன்னார்கள். அவர் மாடிப் பொண்ணின் பக்கம் திரும்பினார். "நீங்க உங்க பேச்சுல ஒரு அம்மாவைப் பத்திச் சொன்னீங்களே, தெருவுல அவங்க ஒருத்தர்தான் உள்ள வராங்கன்னு. அவங்களா இது?"

"ஆமா சார்."

"எல்லாருடைய வைவாவுக்கும் வருவாங்க. அவங்க தெருவைப் பத்தின வைவாவுக்கு மட்டும் வரலையா?"

அந்தப் பெண் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். "நான்தான் வர வேணாம்னு சொன்னேன் சார்."

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வெளியூர்க்காரர் முன்னாலிருந்த தாள்களை மூடி வைத்தார். "யாரைப் பத்தி எழுதினீங்களோ, அவங்க கேக்கக் கூடாதுன்னா அந்த எழுத்துல ஏதோ இருக்கு. போய்க் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் நாங்க டீ குடிக்கிறோம். அவங்க வராம நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

பட்டம் வாங்கப் போனவள் பாதி வைவாவில் சாலையின் குறுக்கே ஓடி வந்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது. சாவிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னாச்சு? தொண்டை அடைச்சுக்கிச்சா?" என்று அக்கா பதறினார்.

"வாங்கக்கா. உங்களைக் கேக்கறாங்க. எனக்காக வாங்கக்கா."

"இப்படியேவா?" அக்கா தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். உடை முன்பக்கமெல்லாம் ஈரம், தலைமுடி ஆவியில் பறந்துகொண்டிருந்தது. தடுப்பைச் சுற்றிக்கொண்டு நாத்தனார் சீப்போடு ஓடி வந்தாள். கேட்காமலே அக்காவின் தலையைக் கோதி, கொண்டை போட்டு, ஊக்குக் குத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் கை இவ்வளவு பதமாக இருந்து அக்கா கண்டதில்லை.

"அண்ணி, அங்க என்ன சொன்னாலும் மனசுல வெச்சுக்காதீங்க."

"என்ன சொல்லப் போறாங்க?"

"சும்மா சொன்னேன். நீங்க போங்க, போங்க" என்று முதுகில் கைவைத்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

அரங்கில் அக்கா தம் வழக்கமான இடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கைப்பையைக் கடையிலேயே மறந்து வந்திருந்தார். வெளியூர்க்காரர் எழுந்து வணக்கம் சொன்னது அவருக்கு மேலும் கலக்கத்தைக் கொடுத்தது. "சொல்லுங்க" என்றார் அவர் மாடிப் பொண்ணிடம். "எங்களுக்குச் சொன்னதையே இவங்களுக்கும் சொல்லுங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்தத் தெருக்காரங்க நிறைய பேர் வாசலைத் தாண்டி உள்ள வர்றதில்ல. யாரும் எங்களைக் கூப்பிடலைங்கறாங்க. அனைவரும் வருகன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கேன்னு கேட்டேன். அதுக்கு ஒருத்தங்க சொன்னது..." நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினாள். "'அந்த நோட்டீஸ் எங்க அண்ணிக்கு ஒட்டினது. போயிட்டு வந்து கதை கதையாச் சொல்வாங்க. நீயும் வாடின்னு ஒருநாள் சொன்னதில்ல. பல்கலைக்கழகத்துக்கு ரெண்டு கதவு. ஒண்ணு இரும்பு. இன்னொண்ணு எங்க அண்ணி.'"

அக்காவின் வாய் திறந்தது. "இது என் நாத்தனார் வாயாச்சே!" என்றார் உரக்க.

அரங்கம் அதிரச் சிரித்தது. "யார் சொன்னதுன்னு சொல்லக் கூடாதுக்கா. ரகசியம்னு சொல்லித்தான் பேச வெச்சேன்" என்று மாடிப் பொண்ணு கையைப் பிசைந்தாள்.

"என்ன ரகசியம்? அந்தத் தெருவுல என்னை அண்ணின்னு கூப்பிட எத்தனை பேர் இருக்காங்க?"

சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அடங்கியதும் வெளியூர்க்காரர் மெதுவாகக் கேட்டார். "அவங்க சொன்னது சரிதானாம்மா?"

அக்காவுக்குச் சுலபமான பதில் ஒன்று கைவசம் இருந்தது. நாத்தனார் வாயாடி, ஒன்றை ஒன்பதாக்குகிறவள் என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. அப்படிச் சொன்னால் மாடிப் பொண்ணின் எழுத்து ஆட்டம் காணும் என்பதும் அந்த அறையின் அமைதியில் அவருக்குத் தெரிந்தது. ஆனால் நினைவுக்கு வந்தது வேறு. ஒருநாள் நாத்தனார் கடையைச் சாத்திவிட்டு, நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, உதட்டுச் சாயம்கூடப் பூசிக்கொண்டு, "நானும் வரேன் அண்ணி" என்று வந்து நின்றாள். 'நீ கொட்டாவி விட்டு என் மானத்தை வாங்குவே, வேணாம்' என்று சொல்லிவிட்டு அக்கா விடுவிடுவென்று நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கொட்டாவி விடுவாளா மாட்டாளா என்பதில்லை விஷயம். மூன்றாவது வரிசை தனக்கே தனக்கென்று இருந்தது அக்காவுக்குப் பிடித்திருந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்ற சுகம் அது. அந்த உதட்டுச் சாயம் இப்போது அவரை என்னவோ செய்தது.

"சரிதாங்க ஐயா" என்றார். "ஒரு நாள் கெளம்பி வந்தா. நான்தான் வேணாம்னுட்டேன். ஒழுங்கா ஒரு காரணம்கூடச் சொல்லல."

மாடிப் பொண்ணு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அக்காவும் அவளைப் பார்த்தார். இவ்வளவு நேரம் மறந்திருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. "இதுக்குத்தான் என்னை வராதேன்னியா?"

"நீங்க எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க. உங்களை முன்னால உக்கார வெச்சுக்கிட்டு இதை எப்படிக்கா சொல்வேன்?"

"அட போ! துணி துவைக்கிறவ வந்து உக்காந்தா உனக்குக் கௌரவக் குறைச்சல்னு நெனச்சு நான் ராத்திரியெல்லாம் தூங்கல. இது இவ்வளவுதானா!"

"அய்யோ அக்கா!" என்று அவள் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். கையால் அலசி விறைப்பாக இஸ்திரி போட்ட கோட்டு அக்காவின் ஈர உடையில் பட்டுக் கசங்கியது. "கோட்டு, கோட்டு" என்று அக்கா கத்தினார். ஆனால் விலக்கவில்லை. வெளியூர்க்காரர் பேனாவைத் திறந்தார். துறைத்தலைவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, ஜலதோஷம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் அறிவித்தார்.

டாக்டர் மாடிப் பொண்ணு இப்போதும் மாடியில்தான் இருக்கிறாள். வேலை கிடைக்கும்வரை வாடகையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. நாத்தனார்தான் ஒரு வாரம் தலைமறைவாக வாழ்ந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற குரல் தேன் சொட்டியது. "அண்ணி, டீ வேணுமா?" "அண்ணி, கால் வலிக்குதா?" அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள்.

அடுத்த அறிவிப்பு வந்தது. யாரோ ஒரு பையன், நத்தைகளைப் பற்றிப் படித்தவன். அக்கா வேலையை முடித்து, முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். சாலையை நோக்கித் திரும்புகிறவர் அன்று திரும்பவில்லை. நேரே அழகு நிலையத்துக்குள் நுழைந்தார். நாத்தனார் வேலைக்கான ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வாடிக்கையாளர் யாரும் இல்லாததால் துண்டுகளைச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அக்காவைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நத்தையாமே அண்ணி" என்றாள் அவசரமாக. "போயிட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லுங்க."

அக்கா அவள் பின்னால் போய் நின்று, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார்.